விக்டோரியா கால விஞ்ஞானிகளின் கடிதங்கள்: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படிக் காப்பது

டார்வின், ஃபாரடே, ஹக்ஸ்லி போன்ற விக்டோரியா கால விஞ்ஞானிகள் கைப்பட எழுதிய கடிதங்களை இன்றைக்கும் விலைக்கு வாங்க முடியுமா, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் அவற்றை எப்படிப் பத்திரமாக வைப்பது என்பதுதான் கேள்வி. வாங்க முடியும். டார்வினை மட்டும் கொஞ்சம் ஒத்திப்போட்டால், மாதச் சம்பளக்காரரும் நிதானமாகச் சேர்க்கலாம்.

இத்தனை கடிதங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதற்குக் காரணம் தபால் கட்டணம். 1840க்கு முன் பிரிட்டனில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுப்பார். தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கணக்காகும். 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரை நாட்டில் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி என்று ஆனது. ஒரு வண்டைப் பற்றியோ, ஒரு மின்சுருளைப் பற்றியோ சந்தேகம் வந்தால் உடனே எழுதிக் கேட்டுவிடலாம் என்ற நிலை வந்தது. டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்கள் இதுவரை தெரிந்திருக்கின்றன. வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு 14,000க்கும் மேல். ஃபாரடேக்குச் சுமார் 5,000. பெரும்பகுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம், ராயல் சொசைட்டி, கியூ தாவரவியல் பூங்கா, இம்பீரியல் கல்லூரி போன்ற இடங்களில் நிலைத்துவிட்டது. மீதிதான் ஏலங்களுக்கும் டீலர்களிடமும் வருகிறது.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு பெயரைத் துரத்துவது. 2015 செப்டம்பரில் நியூயார்க்கில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் டார்வினின் ஒரே ஒரு கடிதம் 1,97,000 டாலருக்குப் போனது. 1880 நவம்பர் 24ஆம் தேதியிட்ட சின்னக் கடிதம்தான். பைபிளைத் தெய்வ வாக்காகத் தாம் ஏற்கவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார், அதற்குத்தான் அந்த விலை. அதே டார்வின் ‘புத்தகம் வந்து சேர்ந்தது, நன்றி’ என்று எழுதிய தாள் அந்த விலையின் பக்கத்தில்கூட வராது. ஒருவருடைய கடிதத்துக்கு விலை வைப்பது உள்ளே இருக்கும் விஷயம். கையொப்பம் அதற்கு அடுத்ததுதான்.

ஆகவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: பனியாறுகள், அட்லாண்டிக் தந்திக் கம்பி, சூரிய கிரகணம், ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை, இப்படி ஏதாவது ஒன்று. இயற்பியலாளர் டிண்டால், உயிரியலாளர்கள் ஹக்ஸ்லி, ரிச்சர்ட் ஓவன், வானியலாளர் ஏரி, இயற்கையியலாளர் லபாக் போன்றவர்கள் ஓயாமல் எழுதியவர்கள், அவர்களுடைய கடிதங்கள் அடிக்கடி விற்பனைக்கு வரும். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1879இல் 48 வயதிலேயே இறந்துவிட்டதால் அவருடையது அபூர்வம். நம் பக்கத்தோடு நிஜமான தொடர்புள்ள வரிசையும் உண்டு. மதராஸ் வானாய்வகத்தில் 1861 முதல் 1891 வரை இருந்த நார்மன் போக்சன், கோயம்புத்தூரில் பருத்திச் சோதனையை நடத்திய தாவரவியலாளர் ராபர்ட் வைட், இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தை நடத்திய த்வைட்ஸ் ஆகியோர் இங்கிலாந்தோடு இடைவிடாமல் எழுத்துத் தொடர்பில் இருந்தவர்கள். பெரிய பெயரை மட்டும் தேடுகிறவர்கள் இவர்களைக் கண்டுகொள்வதில்லை. தெரிந்தவருக்கு அது வசதி.

ஒரு கடிதம் என்பது பாதிப் பேச்சு. எதிராளியின் பாதி வேறெங்கோ இருக்கும், பல சமயம் இருக்கவே இருக்காது. டார்வின் தமக்கு வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார், நம் மளிகைக் கடைகளில் பில் குத்தி வைப்பார்களே அதேபோல. கம்பிகள் எல்லாம் நிறைந்துபோனால், சில ஆண்டுக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிட்டுக் கம்பியைக் காலி செய்துகொள்வார். 1862க்கு முன் அவருக்கு வந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் போனது என்று அவர் மகன் ஃபிரான்சிஸ் எழுதிவைத்திருக்கிறார். அதனால் அந்தக் காலத்துப் பேச்சில் டார்வின் அனுப்பிய பாதி மட்டும் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. நீங்கள் வாங்கும் கடிதம் எந்தக் கேள்விக்கு விடை, எந்த விடைக்கு மறுகேள்வி என்று கண்டுபிடிப்பதுதான் இந்தச் சேகரிப்பில் உயிரான வேலை. மேலும், கண்டுபிடித்துவிட்டால் போலியா நிஜமா என்ற கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

ஏலக் கேட்லாக் படிக்கும்போது சுருக்கெழுத்துகளைக் கவனியுங்கள். ‘ஏ.எல்.எஸ்.’ என்றால் முழுக் கடிதமும் அவர் கையால் எழுதி, அவரே கையொப்பமிட்டது. ‘எல்.எஸ்.’ என்றால் வேறொருவர் எழுத, கையொப்பம் மட்டும் அவருடையது. டார்வின் பிற்காலத்தில் பல கடிதங்களை மனைவி எம்மா, பிள்ளைகள் ஹென்ரியெட்டா, ஃபிரான்சிஸ் ஆகியோரிடம் சொல்லி எழுத வைத்தார். அந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில் விலை பெரிதும் மாறும். ‘இணைந்த வெற்றுத்தாள் இல்லை’ என்ற குறிப்பையும் லேசாக விடாதீர்கள். அக்காலக் கடிதத்தாள் பொதுவாக நடுவில் மடித்த ஒரே தாள், நான்கு பக்கம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18க்கு 11 சென்டிமீட்டர். பின்பாதி கிழிக்கப்பட்டிருந்தால் அதிலிருந்த முகவரி, பெற்றவரின் குறிப்பு, ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரை எல்லாம் போயிருக்கும். ஏன் கிழித்தார்கள் என்று கேட்க வேண்டும். சுத்தியல் விலையின் (ஏலத்தில் கடைசியாக முடிவான விலை) மேல் ஏல நிறுவனம் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கமிஷன் போடும். அதையும் சேர்த்துத்தான் உங்கள் உச்சவரம்பை முடிவு செய்ய வேண்டும்.

இனி தேதி. டார்வின் பெரும்பாலும் ஆண்டு எழுத மாட்டார். கிழமையும் மாதமும் நாளும்தான். ஒரு கடிதத்தின் தலைப்பில் ‘டவுன்’ (டார்வினின் வீடு இருந்த கிராமம்) என்று அச்சிட்ட முகவரி, ‘ஓர்ப்பிங்டன் ரயில் நிலையம்’ என்ற வரி, கையால் ‘வியாழன், நவம்பர் 24’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1842 செப்டம்பரில் அவர் அந்த வீட்டுக்குக் குடிபோனார், 1882 ஏப்ரலில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் நவம்பர் 24 வியாழனில் வந்த ஆண்டுகள் 1842, 1853, 1859, 1864, 1870, 1881 ஆகிய ஆறு மட்டுமே. ஓர்ப்பிங்டன் நிலையம் திறந்ததோ 1868இல். நான்கு ஆண்டுகள் அங்கேயே அடிபட்டுப் போகின்றன. மிச்சம் 1870, 1881. உள்ளே அச்சுப் படி திருத்தும் பேச்சு வந்தால் 1870, ஏனென்றால் மனிதனின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் 1871 பிப்ரவரியில் வெளிவந்தது. மண்புழு பற்றிய பேச்சும் வாசகர் எழுதிய கருத்துகளும் வந்தால் 1881, அந்த நூல் அந்த அக்டோபரில் வெளிவந்தது. நூற்றாண்டு நாட்காட்டி ஒன்றும் முகவரித் தலைப்புகளின் பட்டியல் ஒன்றும் இருந்தால் பத்து நிமிட வேலை. ரயில் நிலையம் திறப்பதற்கு முந்தைய ஆண்டில் அந்தத் தலைப்பு இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

இதேபோன்ற பிடிமானங்கள் வேறு பலருக்கும் உண்டு. முகவரியின் கடைசியில் வரும் ‘எஸ்.ஈ.’ என்ற லண்டன் அஞ்சல் வட்ட எழுத்துகள் 1857-58இல் வந்தவை. இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் ‘கெல்வின்’ என்ற கையொப்பம் 1892க்கு முன் இருக்க முடியாது, அதுவரை அவர் வில்லியம் தாம்சன். இயற்பியலாளர் ஸ்ட்ரட் 1873இல் ரேலி பிரபு ஆனார். ஹக்ஸ்லி 1872இல் மார்ல்பரோ பிளேஸுக்கும், 1890இல் ஈஸ்ட்போர்ன் வீட்டுக்கும் போனார். இயற்கையியலாளர் வாலஸின் நடுப்பெயரான ரஸ்ஸலில் கடைசியில் ஒரே ஒரு ‘எல்’தான். அவருடைய கையொப்பமே அந்த நடுப்பெயரின் கடைசியில் இரண்டு ‘எல்’ போட்டிருந்தால் பணப்பையை மூடிவிடலாம். டவுன் என்ற ஊரின் பெயரில் பிற்காலத்தில் ஓர் ‘ஈ’ சேர்ந்தபோதும், டார்வின் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டார்.

அடுத்து தாளையும் மையையும் பார்க்க வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், சாய்வாகப் பிடிக்க ஒரு சின்ன டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, இந்த மூன்றும் போதும்.

அக்காலத்தில் பெரும்பாலும் பயன்பட்டது இரும்பு மை. செய்முறை நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு மாதிரியே இருக்கும்: மாசிக்காய், அன்னபேதி, ஒரு வகைக் கருவேலம் பிசின். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில் கறுக்கும், பல ஆண்டில் பழுப்பாகும். அது தாளின் மேலே படியாமல் உள்ளே கடிக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அழுத்தி எழுதிய இடங்கள் லேசாகத் தெரியும்.

பேனா, மைக்கூட்டில் தொட்டு எழுதும் எஃகு நிப். ஒரு வரியை லென்ஸில் மெதுவாகப் படியுங்கள். தொட்டவுடன் எழுதிய சொல் கறுப்பாக இருக்கும், அடுத்த நான்கைந்து சொற்கள் படிப்படியாக வெளிறும், மறுபடி ஒரு சொல் திடீரென்று கறுக்கும். எழுதியவரின் மூச்சு மாதிரி இது வரி வரியாகப் போகும். கீழ்நோக்கிய இழுப்புகளில் நிப்பின் இரண்டு நுனிகளும் விரிந்து ஓரங்களில் இரண்டு கோடு பதித்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் அது பள்ளமாகத் தெரியும். இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை கூடுதலாகக் கறுத்திருக்கும்.

கல்லச்சில் எடுத்த நகலில் இவை எதுவும் இருக்காது. மை ஒரே சீராக, சாதுவாக, தாளின் மேலே உட்கார்ந்திருக்கும், பள்ளமும் இருக்காது. யாரையும் ஏமாற்ற இவற்றை அச்சிடவில்லை. வாழ்க்கை வரலாற்று நூல்களிலும் பத்திரிகைகளிலும் மாதிரிக்காக அச்சிட்டவை அவை. புத்தகத்திலிருந்து கழன்று, மடிந்து, பழுத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் போனதும் அசல் என்று பெயர் வாங்கிவிடுகின்றன. விற்பவரே உண்மையாக நம்பியிருக்கலாம். சட்டத்துக்குள் இருக்கும் கடிதத்தை வெளியே எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வேண்டுமென்றே செய்த போலியில் வேறு குணம் இருக்கும். பார்த்துப் பார்த்து வரைவதால் கோடு நடுங்கும், எழுத்தின் தொடக்கமும் முடிவும் மொட்டையாக நிற்கும், தேவையில்லாத இடத்தில் பேனா எடுத்து வைத்திருக்கும். டார்வினின் கையெழுத்து அவசரமானது, படிக்கச் சிரமமானது. ஆங்கிலத்தின் சின்ன உதவி வினைகளை முதல் எழுத்தும் கடைசி எழுத்துமாக எழுதிச் சுருக்கிவிடுவார். அழகாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கும் டார்வின் கடிதம் எழுத்தரோ பிள்ளைகளோ எழுதியதாக இருக்கலாம். இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் நீர்க்குறி தெரியும். வாட்மன் போன்ற ஆலைகள் சில தாள்களில் ஆண்டையும் சேர்த்துப் போட்டன. ஆண்டு கடிதத் தேதிக்குப் பிந்தியிருந்தால் தீர்ந்தது. இருட்டறையில் புற ஊதா விளக்கில் தாள் நீலமாக, பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. காகிதத்தில் அது பரவியது 1950களை ஒட்டித்தான்.

ஆனால் தாள் பழையது என்பது எதையும் நிரூபிக்காது. பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்துத்தான் பிரான்சின் வ்ரேன்-டெனி லூக்கா 27,000க்கும் மேற்பட்ட போலிகளைச் செய்தார். ஏமாந்தவர் சாதாரண ஆளில்லை, மிஷேல் ஷால் என்ற பெரிய வடிவியல் கணிதர். ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் கண்டுபிடித்ததாகக் காட்டும் கடிதங்களை 1867இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அவர் வைத்தார். நியூட்டனின் வரலாற்றை எழுதிய ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் உடனே எதிர்த்தார். பாஸ்கல் அக்கடிதங்களை எழுதியதாகச் சொன்ன காலத்தில் நியூட்டன் பள்ளிச் சிறுவன். முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது மையோ தாளோ அல்ல, இந்த மாதிரிக் கணக்குத்தான். 1870இல் லூக்காவுக்கு இரண்டு ஆண்டு சிறை.

போலியைவிட இன்று அதிகம் பயப்பட வேண்டியது திருட்டுச் சரக்கு. 1875இல் டார்வின் அமெரிக்க நிலவியலாளர் ஹேடனுக்கு, அனுப்பிய கட்டுரைகளுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதம் ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்திலிருந்து 1970களின் நடுவில் காணாமல் போனது. எஃப்.பி.ஐ. அதை மீட்டது 2016இல். நாற்பது ஆண்டு கழித்தும் திருட்டுப் பொருள் திருட்டுப் பொருள்தான். ஆகவே யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். மூலையில் சுரண்டிய இடம், அழித்த பென்சில் எண், முத்திரை இருந்த வட்டத் தடம் ஆகியவற்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் தேடுங்கள். பிறகு டார்வினின் கடிதங்களைத் தொகுத்த கேம்பிரிட்ஜ் டார்வின் கடிதத் திட்டத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். மற்றவர்களுக்கு கேம்பிரிட்ஜ் நூலகம் நடத்தும் எப்சிலான் தளம் இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் கடிதம் அங்கே ஒரு காப்பகத்தின் உடைமை என்று பதிவாகியிருந்தால், விற்பவருக்கு முன் அந்தக் காப்பகத்துக்கு எழுதுங்கள். தேதி, பெறுநர் மட்டும் இருந்து உரை இல்லாமல் ‘தனியார் வசம்’ என்றிருந்தால் நல்ல செய்தி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனிலிருந்து 50 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்து ஆவணத்தை வெளியே அனுப்ப, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏற்றுமதி உரிமம் தேவை. ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து தருகிறது. நல்ல டீலர் தானே வாங்கித் தருவார். ‘சாதாரணத் தபாலில் போட்டுவிடுகிறேன்’ என்கிறவரைத் தவிர்க்கவும். இந்தியாவுக்குள் வந்த பிறகு இன்னொரு சிக்கல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, அறிவியல் அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டைத் தாண்டினாலே தொல்பொருள். தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. பின்னால் லண்டன் ஏலத்தில் விற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கோடு பெரிய விலைக் கடிதத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அச்சில் வெளியிடும் உரிமையும் தனி. தாள் உங்களுடையது, அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. இதுவரை அச்சேறாத பழைய கடிதங்களுக்கு பிரிட்டனில் அது 2039 முடிய நீடிக்கிறது.

பாதுகாப்பில் முதல் விதி, ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகக்கூடாது. லேமினேஷன் செய்த கடிதத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது, சூடும் பசையும் சேர்ந்து தாளோடு ஒன்றிவிடும். செலோ டேப், ஃபெவிகால் இரண்டும் அதே கதிதான். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அமிலம் கசியும். பாலியெஸ்டர் உறையிலும் இரண்டு பக்கம் திறந்திருக்க வேண்டும், நம் ஊர் ஈரம் உள்ளே அடைபட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீர் படவே கூடாது. சுருக்கம் நீங்க ஈரத்துணி வைத்து அழுத்தும் யோசனை எங்கே படித்திருந்தாலும் மறந்துவிடுங்கள். இரும்பு மையில் வினை முடியாத இரும்பு அயனிகள் மிச்சமிருக்கும். ஈரம் பட்டதும் அவை எழுத்திலிருந்து சுற்றியுள்ள நாருக்குப் பரவி, அங்கே காகிதத்தை அரிக்கும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு அழுத்தி எழுதிய இடங்கள் உதிர்ந்து ஓட்டையாகும். இந்த நிலையில் இருப்பதைப் பாலியெஸ்டரில் வைக்காதீர்கள், எடுக்கும்போது வளைந்து எழுத்தோடு உடையும். அமிலமற்ற காகித மடிப்புக்குள் தட்டையாக வைத்து, ஆவணப் பராமரிப்பு நிபுணரிடம் காட்டுங்கள். சோதனைத் தாளால் இரும்பு அயனியைக் கண்டறிந்து, தேவைப்பட்டால் கால்சியம் ஃபைட்டேட் முறையில் அவரால் அதை அடக்க முடியும். 1860களுக்குப் பிறகு வந்த ஊதா, சிவப்பு அனிலின் மைகள் இன்னும் மோசம், ஒரு சொட்டு நீரில் கரையும், வெயிலில் வெளுக்கும்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், வெப்பம் 20 டிகிரி அளவில் இருந்தால் உத்தமம். வீட்டில் நாள் முழுக்க ஏசி ஓடாது. ஏசியைப் போட்டுப் போட்டு நிறுத்தும் ஏற்ற இறக்கம்தான் சீரான சூட்டைவிடக் காகிதத்துக்குக் கெடுதல். அதற்கு ஒரு வழி, இறுக்கமாக மூடும் பெட்டிக்குள் அமிலமற்ற அட்டை உறைகள், கூடவே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள், 65க்கு மேல் நின்றால் பூஞ்சை வரும். வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோ வேண்டாம், மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும். அந்துருண்டையும் வேண்டாம். கூடத்தில் மாட்டி வைக்க ஆசை வந்தால் நல்ல ஸ்கேன் எடுத்து அச்சிட்டதை மாட்டுங்கள், அசல் இருட்டில் இருக்கட்டும்.

ஸ்கேனை 600 டி.பி.ஐ.யில், வெற்றுப் பக்கங்கள் உட்பட நான்கு பக்கமும், ஒரே தடவை எடுங்கள். கடிதத்தின் மேல் எதுவும் எழுதக்கூடாது. உறையின் மேல் பென்சிலால் வாங்கிய தேதி, விற்றவர், ஏல எண், உங்கள் தேதிக் கணக்கு, அதற்கு ஆதாரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். டார்வின் கடிதமாக இருந்தால் ஒரு நகலைக் கேம்பிரிட்ஜ் திட்டத்துக்கு அனுப்புங்கள். அச்சுப் பதிப்பு 30 தொகுதிகளோடு 2023இல் முடிந்துவிட்டாலும், இணையப் பட்டியலில் இடமிருக்கிறது. உங்கள் கடிதம் விடை சொல்லும் அந்த மறுபாதி அவர்களுடைய பெட்டி ஒன்றில் ஆண்டு தெரியாமல் கிடக்கலாம்.